ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் நாங்கள் வாசிக்கும் புத்தகங்கள்

(தேசிய வாசிப்பு மாதத்தை முன்னிட்டு பொல்பிட்டியவில் நடைபெற்ற ஒன்றுகூடலில், தோட்ட வாசிப்பு வட்டத்தின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

"இப்ப என்னா வாசிக்கிறீங்க? அது எப்பிடி இருக்கு?" இந்த ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எங்களை இந்த மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து கொப்பியில் எழுதி, ஒருவர் வாசிக்கிறோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும். நாங்கள் பன்னிரண்டு பேர். கொழுந்து எடுக்கிறவர்கள் ஐந்து பேர், ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர், பிள்ளை மடுவத்தில் பிள்ளை பார்க்கிற அக்கா ஒருவர், சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், ஓய்வு பெற்ற கங்காணி ஐயா ஒருவர், வயது போன அப்பாயி ஒருவர். இதில் மூன்று பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அவர்களும் வாசகர்கள்தான். எப்படி என்று பிறகு சொல்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பணிய லயத்துத் தொங்க வீட்டு இஸ்தோப்பில் கூடுவோம். ஒருவர் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் அரிசியில் கல் பொறுக்குவார்கள், கீரை ஆய்வார்கள், பிள்ளைக்குப் பேன் பார்ப்பார்கள். காது மட்டும் புத்தகத்தில் இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஆள் மாறும். நடுவில் தேத்தண்ணி. வாசித்து முடிந்ததும் கதைப்போம். சில நேரம் சண்டையும் வரும்.

வாசிப்பு நமக்குப் புதிதல்ல

"தோட்டத்து ஆளுக்கு எதுக்குப் புத்தகம்?" என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெளியில் மட்டுமல்ல, நம் லயத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் அப்பாயி சொன்ன பதிலைச் சொல்கிறோம். "எங்க காலத்துல பத்து காம்பராவுக்கு ஒரு ஆளுதான் படிச்சிருப்பாரு. ராத்திரி விளக்கு வச்சி அவரு நல்லதங்கா கதை படிப்பாரு. லயமே உக்காந்து அழுவும். படிக்கத் தெரியாதுன்னு யாருகிட்டயும் கதை வராம இருந்ததில்ல."

உண்மைதான். பெரிய எழுத்துப் புத்தகங்கள் என்று சொல்வார்களே, நல்லதங்காள் கதை, அல்லியரசாணி மாலை, மதுரைவீரன் கதை, இவையெல்லாம் தமிழகத்திலிருந்து ஆட்களோடு ஆட்களாகத் தோட்டங்களுக்கு வந்தவை. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் வந்த மாதிரியே வந்தவை. ஒருவர் வாசிக்க ஊரே கேட்பது நம் பழைய வழக்கம். இடையில் விட்டுப்போனதை நாங்கள் திரும்ப எடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்த காரியமும் அல்ல. கியூபா நாட்டின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865ஆம் ஆண்டு ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டு சுற்றுவார்கள். நடுவில் ஒருவர் உயரமான இடத்தில் இருந்து பத்திரிகையும் கதையும் வாசிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்களே தங்கள் கூலியில் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். எதை வாசிப்பது என்று தீர்மானித்தவர்களும் அவர்களே. அடுத்த ஆண்டே ஆட்சியாளர்கள் அதைத் தடை செய்தார்கள். கேட்கத் தொடங்கியவன் கேள்வியும் கேட்பான் என்ற பயம்தான் காரணம். ஆனாலும் அந்த வழக்கம் அழியவில்லை. அலெக்சாண்டர் டூமா எழுதிய மொண்டே கிறிஸ்டோ கதை அந்தத் தொழிலாளர்களுக்கு அவ்வளவு பிடித்ததாம். அந்தப் பெயரிலேயே ஒரு சுருட்டு இன்றும் இருக்கிறது. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்து பீடித் தொழிலாளர்களிடமும் இதே வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகை வாசிப்பார், அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள்.

இதை வாசித்துக் காட்டியபோது ஸ்டோரில் வேலை செய்யும் தம்பி சொன்னார்: "நம்ம ஸ்டோர்ல மெசின் சத்தத்துல யாரு வாசிச்சாலும் கேக்காதே!" எல்லோரும் சிரித்தோம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பு.

எங்கள் கைக்கு வந்த புத்தகங்கள்

நாங்கள் முதலில் எடுத்தது புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி' என்ற நீண்ட கதை. 1935ஆம் ஆண்டு எழுதப்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மருதி என்ற பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, அதிகாரம் உள்ளவர்கள் கையில் அகப்பட்டு, நோயாளியாகி உருக்குலைந்து போகிற கதை. மகள் காலம் வரைக்கும் அந்தத் துயரம் நீள்கிறது. வாசித்து முடிக்க மூன்று ஞாயிறு பிடித்தது. இரண்டாவது ஞாயிறு முடிந்தபோது ஒருவரும் தேத்தண்ணியைத் தொடவில்லை.

பிடித்ததா என்றால், கதை பிடித்தது. ஆனால் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் ஒரு குறை சொன்னார். "எழுதினவரு தோட்டத்தைத் தூரத்துல இருந்து பாத்திருக்காரு. எங்க வேதனை தெரியுது. எங்க வேலை தெரியல." புதுமைப்பித்தன் பெரிய எழுத்தாளர். ஆனால் கூடை முதுகை அறுப்பதும், அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவதும், மழையில் படங்கு கட்டிக்கொண்டு நிரை பிடிப்பதும் கிட்ட இருந்து பார்த்தவருக்குத்தான் எழுத வரும். அக்கா சொன்னதை நாங்கள் அப்படியே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு தேடியது 'எரியும் பனிக்காடு'. பி. எச். டேனியல் என்ற வைத்தியர் வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் 1940களில் வேலை பார்த்தவர். தொழிலாளர்கள் சொன்னதைக் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி 1969இல் வெளியிட்டார். அதை இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்தார். கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மேஸ்திரியின் பேச்சைக் கேட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு ஆனைமலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். போனவர்கள் கடனை அடைத்துத் திரும்ப முடியவில்லை. 2013இல் வந்த 'பரதேசி' படத்துக்கு மூலம் இந்த நாவல்தான்.

இந்தப் புத்தகத்தில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. எங்கள் கங்காணி ஐயாவுக்குக் கோபம். "எல்லாக் கதையிலயும் கங்காணிதான் கெட்டவன். நான் யாரு சாமான எடுத்து வச்சிருக்கேன்?" என்று கேட்டார். உண்மையில் அவர் நல்ல மனிதர். இருந்தாலும் பழைய பெரிய கங்காணிமார் காலம் வேறு என்பதை அவரே பிறகு விளக்கினார். அப்போதுதான் நாங்கள் 'துண்டு' பற்றிக் கேள்விப்பட்டோம்.

துண்டு என்பது ஒரு சின்னக் கடதாசி. கங்காணியிடம் உள்ள ஆட்களின் கடன் எவ்வளவு என்று தோட்டத்து துரை எழுதிக் கொடுப்பது. அந்தக் கடனை இன்னொரு தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் ஆட்கள் இடம் மாறலாம். ஆளையும் கடனையும் சேர்த்து விற்பது மாதிரி. அதில் எழுதியிருந்த தொகை சரியா பிழையா என்று பார்க்க ஆட்களுக்கு வாசிக்கத் தெரியாது. 1921ஆம் ஆண்டு சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். ஐயா இதைச் சொல்லி முடித்துவிட்டு, "எங்க தாத்தாவுக்கு அந்தக் கடதாசியை வாசிக்கத் தெரிஞ்சிருந்தா, நம்ம எங்க இருந்திருப்போமோ!" என்றார். சண்டை அதோடு முடிந்தது.

நம் மண்ணில் பிறந்த எழுத்து

அடுத்து நம்மவர்களைத் தேடினோம். அப்போதுதான் எங்களுக்கு வெட்கம் வந்தது. எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! நமக்குத் தெரியாமலே இருந்திருக்கிறோம்.

முதலில் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர். 1920ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தவர். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்தவர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். 1936 முதல் 1947 வரை ஹட்டன் தொகுதிக்காக அரசாங்க சபையில் இருந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரத்தைப் பாட்டுக்களாக எழுதி, அச்சிட்டு, தானே கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்றால் பாட்டுத்தான் வழி என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இவர்கள் கதையை சாரல்நாடன் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலாக 1988இல் எழுதினார். அதில் பாதி வாசித்திருக்கிறோம். கொஞ்சம் கடினமான நூல்தான். ஆண்டும் பெயரும் நிறைய வருகிறது. ஆனால் ஹட்டன் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "நாங்க டியூசன் போற டவுன்லயா இதெல்லாம் நடந்திச்சு?" என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நீண்ட கவிதை 1952இல் நூலாக வந்தது. சக்தீ பால-ஐயா அதைத் தமிழில் தந்தார். 'வீடற்றவன்', 'இனிப் படமாட்டேன்' என்று நாவல்களும் எழுதினார். 1984இல் காலமானார்.

எங்களில் ஒரு பிள்ளை கேட்டாள்: "நம்மளப் பத்தி ஏன் இங்கிலீசுல எழுதினாரு? நம்ம ஆளுங்களுக்கு இங்கிலீசு தெரியாதே?" நல்ல கேள்வி. எங்களுக்குத் தோன்றிய பதில் இதுதான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம் மக்கள் பிரஜைகள் இல்லை என்று ஆயிற்று. 1949இல் விண்ணப்பிக்கச் சொல்லி இன்னொரு சட்டம் வந்தது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். இத்தனை வருடம் இங்கேதான் இருந்தேன் என்று கடதாசியில் காட்ட முடியாதவர்கள் தோற்றார்கள். 1952 தேர்தலில் நம் மக்கள் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. அப்படிப்பட்ட ஆண்டில் வந்த கவிதை அது. வாக்கு இல்லாத மக்களைப் பற்றி, தீர்மானம் எடுக்கிறவர்கள் வாசிக்கும் மொழியில் எழுத வேண்டியிருந்திருக்கும். இது எங்கள் கணிப்பு. படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்வோம்.

மூன்றாவது என். எஸ். எம். ராமையா. அவருடைய 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதி 1980இல் வந்தது. மலையும் நிரையும் தராசடியும் அப்படியே கண்ணுக்கு முன்னால் வருகின்றன. தூரத்திலிருந்து பார்த்த எழுத்து என்று குறை சொன்ன அதே அக்கா, இதைக் கேட்டுவிட்டு, "இது நம்ம மலைதான்" என்றார். இதைவிட நல்ல விமர்சனம் எங்களுக்குத் தெரியாது.

நான்காவது தெளிவத்தை ஜோசப். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். நாமெல்லாம் எந்தத் தோட்டம் என்று கேட்டால் சில நேரம் பக்கத்து டவுன் பெயரைச் சொல்லித் தப்பிக்கிறோம். அவர் தோட்டத்துப் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்ட மாதிரி வைத்துக்கொண்டார். 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974இல் வந்தது. 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதி 1979இல் வந்தது. 2022இல் அவர் மறைந்தார். இப்போது எங்கள் இஸ்தோப்பில் நடப்பது 'நாமிருக்கும் நாடே'. சாதாரண தரம் எழுதும் தம்பிதான் வாசிக்கிறார். நம் பேச்சு வழக்கில் வரும் இடங்களை அவர் வாசிக்கும்போது புத்தகம் வாசிக்கிற மாதிரியே இல்லை, பக்கத்துக் காம்பராவில் யாரோ கதைக்கிற மாதிரி இருக்கிறது.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். சாதாரண தரம் எழுதும் பிள்ளை ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாப் புத்தகத்துலயும் நாம அழுதுகிட்டே இருக்கோம். நாம சிரிக்கிறதே இல்லையா?" அன்றைக்கு நெடுநேரம் கதைத்தோம். துயரத்தை எழுதாவிட்டால் அது மறைந்து போகும், எழுதியதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது என்றார் ஐயா. ஆனால் துயரம் மட்டுமே எழுதினால் நம் பிள்ளைகளுக்கு நம்மைப் பற்றி வேறொன்றும் தெரியாமல் போகும் என்றாள் பிள்ளை. இரண்டும் நியாயமாகப்பட்டது. கடைசியில் ஐயா சொன்னார்: "அப்ப சிரிக்கிற கதைய நீ எழுதும்மா." பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறாள். பிரட்டுக் களத்தில் நாய் ஒன்று துரையின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை. அடுத்த மடலுக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

பன்னிரண்டாவது பாட்டு

இப்போது கொஞ்சம் மனக்கஷ்டமான விஷயம் சொல்ல வேண்டும்.

சி. வி. வேலுப்பிள்ளை கவிஞர் மட்டுமல்ல. தோட்டம் தோட்டமாகப் போய் நம் மக்களின் பாட்டுக்களைக் கேட்டுச் சேர்த்தவர். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயரில் அது 1983இல் நூலாக வந்தது. அதிலிருந்து சில பாட்டுக்களை ஒரு ஞாயிறு வாசித்தோம். எங்கள் அப்பாயி, அதுவரை மடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலையைத் தூக்கி, "அது அப்பிடி இல்ல. இன்னும் ரெண்டு அடி இருக்கு" என்றார். பாடியும் காட்டினார்.

எங்களுக்கு ஆச்சரியம். வாசிக்கத் தெரியாதவர் அச்சடித்த புத்தகத்துக்குத் திருத்தம் சொல்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்பாயி ஒரு பாட்டு சொல்வார், பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள். தாலாட்டு, கவ்வாத்துப் பாட்டு, கப்பலேறி வந்த பாட்டு, ஒப்பாரி என்று பதினொரு பாட்டு எழுதினோம். பன்னிரண்டாவது அவருடைய அம்மா பாடிய பாட்டு, நீளமானது, அடுத்த கிழமை சொல்கிறேன் என்றார். அடுத்த கிழமை அவருக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த கிழமை நாங்கள் அவர் வீட்டில் கூடினோம், ஆனால் வாசிக்க அல்ல.

அந்தப் பாட்டு என்ன என்று இப்போது யாருக்கும் தெரியாது. வட்டத்தில் பன்னிரண்டு பேர் என்று தொடக்கத்தில் சொன்னோம். அவரையும் சேர்த்துத்தான் சொன்னோம். இன்னும் பதினொன்று என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

நமக்கு மேலே மவுசாக்கலை நீர்த்தேக்கம் இருக்கிறது. 1960களின் கடைசியில் அதைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. அந்தத் தண்ணீர்தான் மலை இறங்கி வந்து, 1969இலிருந்து இயங்கும் நம் பொல்பிட்டிய மின்நிலையம் வரைக்கும் ஓடுகிறது. வரட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலை காட்டும். சனம் போய்ப் பார்த்துக் கும்பிட்டு வரும். தண்ணீருக்குள் போன கோயிலாவது எப்போதாவது தெரிகிறது. அப்பாயியோடு போன பாட்டு எந்தக் கோடையிலும் தெரியாது. உங்கள் வீட்டிலும் ஒரு அப்பாயி, அம்மாயி, தாத்தா இருப்பார்கள். தயவு செய்து, அடுத்த கிழமை என்று விடாதீர்கள்.

நம் பெயரை நாமே வாசிப்போம்

கடைசியாக ஒரு காரியம். கதைப் புத்தகம் வாசிப்பதால் வயிறு நிறையுமா என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறோம்.

எங்கள் வட்டத்து அக்கா ஒருவரின் அம்மா முப்பத்தெட்டு வருடம் மலையில் வேலை செய்து ஓய்வு பெற்றார். ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போனபோது, அடையாள அட்டையில் ஒரு பெயர், நிதிப் பதிவில் இன்னொரு பெயர், பிறப்புப் பதிவில் மூன்றாவது பெயர். எல்லாம் ஒரே ஆள்தான். எழுதினவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாததால் முப்பத்தெட்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், பஸ் செலவு என்று அலைந்து, பணம் கைக்கு வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அப்பா காலமாகிவிட்டார். அவர் வைத்தியத்துக்குத்தான் அந்தப் பணத்தை நினைத்திருந்தார்கள்.

இதைக் கேட்ட பிறகு ஒரு ஞாயிறு நாங்கள் கதைப் புத்தகம் எடுக்கவில்லை. எல்லோரும் அவரவர் கடதாசிகளைக் கொண்டுவந்தோம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், சம்பளச் சிட்டை, சேமலாப நிதிக் கடதாசி. பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். சிங்களத்தில் இருந்ததை சிங்களம் படித்த பிள்ளை வாசித்தாள். நான்கு பேருடைய பெயரில் வித்தியாசம் இருந்தது. இருவர் திருத்திவிட்டார்கள். மற்ற இருவரும் விண்ணப்பித்திருக்கிறார்கள்.

சம்பளச் சிட்டையையும் அன்றைக்குத்தான் வரி வரியாக வாசித்தோம். சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் 3 வீதம் போட வேண்டும், அதற்கு நம்மிடம் கழிக்கக் கூடாது. இது தெரியாமல் எத்தனை பேர் இருந்தோம்! கொழுந்தெடுக்கும் அக்கா சொன்னார்: "துன்பக்கேணிய வாசிச்சதை விட இதை வாசிக்கத்தான் எனக்குப் பயமா இருந்திச்சு."

துண்டு, செக்ரோல், பிரஜாவுரிமை விண்ணப்பம், சேமலாப நிதி. யோசித்துப் பாருங்கள். நம் மக்களின் வாழ்க்கையை எப்போதும் ஏதோ ஒரு கடதாசிதான் தீர்மானித்திருக்கிறது. அதை எழுதினது வேறு ஆள், வாசிச்சது வேறு ஆள். நாம் கைநாட்டு மட்டும் வைத்தோம். நடேசய்யரும் சி.வி.யும் ராமையாவும் ஜோசப்பும் செய்தது என்னவென்றால், நம்மைப் பற்றிய கடதாசியை நம் பக்கத்திலிருந்து எழுதினார்கள். அதை வாசிக்காமல் விட்டால் நஷ்டம் அவர்களுக்கு அல்ல.

நீங்களும் தொடங்கலாம்

வட்டம் தொடங்க மண்டபம் வேண்டாம், காசும் பெரிதாக வேண்டாம். புத்தகம் விலைதான், ஒத்துக்கொள்கிறோம். சில நாவலின் விலை ஒரு நாள் பேருக்கு விழும் காசை விட அதிகம். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒன்று வாங்கி, பன்னிரண்டு பேர் வாசிக்கிறோம். பாடசாலை நூலகத்திலும் பிரதேச சபை நூலகத்திலும் இரவல் கேட்கலாம். 'நூலகம்' என்ற பெயரில் ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்க்கும் இணைய நூலகம் 2005இலிருந்து இருக்கிறது. மலையக எழுத்தாளர்களின் பழைய நூல்கள், சஞ்சிகைகள் பலவற்றைக் காசில்லாமல் போனிலேயே வாசிக்கலாம். மலையில் சிக்னல் இல்லாவிட்டால் டவுனுக்குப் போன நேரம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். துரைவி பதிப்பகம் 1997இல் வெளியிட்ட 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற இரண்டு தொகுதிகளும் தொடக்கத்துக்கு நல்லவை. சின்னச் சின்னக் கதைகள், ஒரு ஞாயிறுக்கு ஒன்று போதும்.

எங்கள் அனுபவத்தில் கண்ட சில விஷயங்கள்: வாசிக்கத் தெரியாதவரை முதலில் உட்கார வையுங்கள், எந்தக் கதை வேண்டும் என்று அவரையே கேளுங்கள். தட்டுத் தடுமாறி வாசிக்கும் பிள்ளையை யாரும் சிரிக்கக் கூடாது. பிடிக்காத புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், பாதியில் மூடி வைக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு வரி கொப்பியில் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியே ஒரு புத்தகமாக இருக்கும்.

எங்கள் வட்டத்தில் எழுத்துத் தெரியாத மூன்று பேர் என்று சொன்னோம் அல்லவா? அதில் ஒருவர் அப்பாயி. மற்றவர்களில் ஒருவர் இப்போது தன் பெயரை எழுதப் பழகிவிட்டார். போன மாதம் சம்பளம் வாங்கும்போது கைநாட்டு மையை முன்னால் தள்ளினார்களாம். "வேணாம், பேனா குடுங்க" என்றாராம். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொன்னால் எழுந்து போய்விடுவார், அதனால் சொல்லவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை 'நாமிருக்கும் நாடே' தொகுதியில் அடுத்த கதை. மூன்று மணிக்கு, பணிய லயம், தொங்க வீடு. கீரையோ அரிசியோ, ஆய்வதற்கு ஏதாவது கையோடு கொண்டுவாருங்கள். தேத்தண்ணி எங்களுடையது.